வெளுப்பர் வீட்டுத் தபால்காரர்

"அப்பா, எல்லாருக்கும் வீட்டுப் பேர் இருக்கு. நமக்கு மட்டும் ஏன் இல்ல?"

ஏழு வயதில் ரோஸ்வித்தா இதைக் கேட்டபோது அவள் அப்பா ஆலோயிஸ் தபால் பையின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "இன்னைக்குக் காத்து பலமா இருக்கும் போல," என்றார். தொப்பியை அழுத்திவிட்டுக்கொண்டு மிதிவண்டியில் ஏறிப் போய்விட்டார்.

நாற்பத்தைந்து வருடம் கழித்து, அதே சமையலறை மேசையில், அதே கேள்வி ஒரு தாளாக அவள் முன் கிடந்தது. அடக்க ஏற்பாடுகளைச் செய்யும் ஹில்மெர் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தார். செய்தித்தாளில் வரவேண்டிய மரண அறிவிப்பை எழுதிக்கொண்டிருந்தார். ஆலோயிஸ் ட்கோட்ஸ். பிறப்பு 1936. ஓய்வுபெற்ற தபால்காரர். அதுவரை பேனா நிற்காமல் ஓடியது.

"வீட்டுப் பேரு?"

"இல்ல," என்றாள் ரோஸ்வித்தா.

ஹில்மெர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க ஊர்ல வீட்டுப் பேர் இல்லாத வீடா?"

"எங்களுக்கு இல்ல. அந்த வரியைக் காலியா விட்டுடுங்க."

பக்கத்து அறையின் கதவு பாதி திறந்திருந்தது. அங்கே ஆலோயிஸ் விடியற்காலை ஐந்து மணிக்கு விட்ட கடைசி மூச்சோடு அமைதியாகப் படுத்திருந்தார். தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிந்தது. ஜன்னலை அவள் திறந்து வைத்திருந்தாள். ஓடைச் சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஜெர்மனியில், ஃபுல்டா நகரிலிருந்து மலைக்கு ஏறும் சாலையில் இருக்கும் அந்த ஊருக்குப் பெயர் ப்ளைஷ்பாக். வெளுப்பு ஓடை என்று அர்த்தம். தறிகள் நின்று எத்தனையோ காலமாகிவிட்டது, பெயர்கள் மட்டும் நிற்கவில்லை. நானூறு பேர் உள்ள ஊரில் பதினேழு குடும்பங்களுக்கு வேபர் என்று பெயர். வேபர் என்றால் நெசவாளி. ஒரே பெயரை வைத்துக்கொண்டு யாரை எப்படிக் கூப்பிடுவது? அதனால் வீட்டைச் சொல்லித்தான் ஆளைச் சொல்வார்கள். சாயக்கார வீடு, பாவோடி வீடு, தார்சுற்றி வீடு, ஆளிநார் சீவிய ஆளிசீவி வீடு என்று எல்லாமே பழைய நெசவு வேலைகளின் பெயர்கள். வீட்டை விற்று வேறு ஆள் குடிவந்தாலும் பெயர் வீட்டோடு நிற்கும். வந்தவரை மெல்ல ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பத்திரிகையிலும் மரண அறிவிப்பிலும் சொந்தப் பெயருக்குக் கீழே அதுவும் வரும்.

ஆலோயிஸ் குடியிருந்தது வெளுப்பர் வீட்டில். நெய்த லினனைப் புல்வெளியில் விரித்து, தண்ணீர் தெளித்து, வெயிலில் வாரக்கணக்கில் வெண்மையாக்குவதும், அந்தத் துணிகளை இரவும் பகலும் காவல் காப்பதும் அந்த வீட்டுக்காரரின் வேலையாக இருந்தது. ஊரிலுள்ள எல்லா வீட்டுப் பெயர்களும் தலைகீழாகத் தெரிந்த ஒரே மனிதர் ஆலோயிஸ். மூன்று யோஹான் வேபர்களுக்கும் வரும் கடிதங்களைக் கையெழுத்தைப் பார்த்தே பிரித்துவிடுவார். ஆனால் அவருக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை. போர் முடிந்து போலந்துக்குப் போய்விட்ட சிலேசியாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் என்பதால் ஊர் அதைக் கொடுக்கவில்லை என்று ரோஸ்வித்தா நினைத்து வளர்ந்தாள். அந்த நினைப்பு செருப்புக்குள் கிடக்கும் சிறு கல் போல அவள் இப்போது குடியிருக்கும் ஃபுல்டா வரைக்கும் அவளோடு போயிருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன் அப்பாவே சொன்னார்: "பேப்பர்ல போடறப்ப வீட்டுப் பேரைப் போட்டுடாத, ரோஸி. வெறும் ட்கோட்ஸ் போதும்."

கொடுக்காத பெயரைக் கேட்டு வாங்க அவருக்கு மனமில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஹில்மெர் தாளை மேசையில் வைத்துவிட்டுக் காருக்குப் போனபோது, கதவைத் தட்டாமலே எங்கல்பெர்ட் உள்ளே வந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாயக்கார வீட்டுக்காரர். எண்பத்தொரு வயது. கோயில் மணி அடிப்பவர். தேவாலயக் கதவில் மரணச் செய்திப் பலகையை எழுதி மாட்டுவதும் அவர்தான். கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். ஆனால் காலில் தோட்டத்து ரப்பர் பூட்ஸ் அப்படியே இருந்தது.

அவர் நேராகப் பக்கத்து அறைக்குப் போனார். தீர்த்தக் கிண்ணத்தில் இருந்த இலைக்கொத்தை எடுத்துச் சிலுவை போலத் தெளித்தார்.

"ஞாயித்துக்கெழம சீட்டுக்கு மூணாவது ஆளுக்கு நான் எங்கடா போவேன்?" என்று இறந்தவரிடம் கேட்டார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு சமையலறைக்கு வந்தார். "காப்பி இருக்கா?"

அவள் ஊற்றிக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையிலிருந்த தாளை எடுத்துப் படித்தார்.

"என்ன இது? வீட்டுப் பேரைக் காணோம்?"

"எங்களுக்கு ஏது மாமா வீட்டுப் பேரு?"

"என்ன பொண்ணே பேசற? வெளுப்பர் வீட்டுல இருந்துக்கிட்டு வெளுப்பர்னு போடாம, ஆலோயிஸ் ட்கோட்ஸ்னு போட்டா யாருக்குத் தெரியும்? பேரா அது? தும்மல் மாதிரி இருக்கு. படிக்கிறவன், தும்மினவனுக்குச் சொல்ற மாதிரி 'கடவுள் காப்பாத்தட்டும்'னு சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுவான்."

ரோஸ்வித்தா அவர் கையிலிருந்த தாளை வாங்கி மேசையில் வைத்தாள். "எழுபது வருஷமா இந்த ஊர் அந்தப் பேரைச் சொல்லி அவரை ஒரு தடவை கூப்பிட்டதில்ல. செத்தப்புறம் எதுக்கு?"

எங்கல்பெர்ட் கோப்பையைக் கீழே வைத்தார். "யாரு சொன்னது கூப்பிட்டதில்லன்னு?"

"எனக்குத் தெரியாதா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. 'வெளுப்பர் தபால் கொண்டாந்துட்டாரா'ன்னுதான் எல்லா வீட்டுலயும் கேப்போம். உங்கப்பன் காதுல விழாமப் பாத்துக்குவோம், அவ்வளவுதான். அறுபத்திரண்டுல ஒரு தடவை வாய் தவறி, 'வெளுப்பரே, சீட்டைப் போடும்'னு சொல்லிட்டேன். கையில நல்ல சீட்டு. அப்படியே கவுத்து வச்சுட்டு எந்திரிச்சுப் போனான். மூணு வாரம் மூஞ்சியைப் பாக்கல. பாவோடி மார்த்தா ஒரு தடவை கூப்பிட்டு, 'என் பேரு ட்கோட்ஸ்'னு நடுரோட்டுல நின்னு சொல்லிருக்கான். நாங்க கொடுத்தோம். அவன்தான் வாங்கல."

தன் வாழ்நாள் கோபத்துக்கு அடியில் போட்டிருந்த பலகையை யாரோ உருவிவிட்டது அவளுக்கு இருந்தது.

"ஏன்?" என்றாள்.

"அதை நான் உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன்," என்றார் எங்கல்பெர்ட். "ஒருவேளை நம்ம ஊர்ப் பேரு அவனுக்குக் கேவலமா இருந்துச்சோ என்னமோ. சாகற வரைக்கும் சிலேசியாக்காரனாவே இருக்கணும்னு நெனச்சானோ. அதுதான் உள்ளுக்குள்ள உறுத்துது. நாளைக்குப் பதினோரு மணிக்கு மணி அடிச்சுட்டுப் பலகை மாட்டணும். அதுக்குள்ள சொல்லு. பேர் இல்லாம இந்த ஊர்ல நான் யாருக்கும் பலகை எழுதினதில்ல. ஆனா அவன் வேணாம்னு சொல்லிருந்தா என்னால எழுத முடியாது. என்னன்னு நீதான் முடிவு பண்ணணும்."

வாசலில் நின்று திரும்பினார். "காலைல வரேன். இல்லேன்னா தோட்டத்துக்கு வா. எங்கம்மாவோட விரிப்பையெல்லாம் எடுத்துக் காயப்போடற நாள். மே மாசம் ஆச்சுல்ல."

ரோஸ்வித்தா ஹில்மெரிடம் நாளை மதியம் வரை பொறுக்கச் சொன்னாள்.

அப்பாவுக்கு எதை உடுத்துவது என்பதில் குழப்பமில்லை. தபால்காரரின் கருநீலக் கோட்டைத்தான் கேட்டிருந்தார். அது மாடியறையில் தொங்கியது. அதை எடுத்தபோது பின்னால் ஆணியில் தபால் பை தெரிந்தது. ஓய்வுபெற்ற அன்று காலிசெய்து மாட்டிய பை. அவள் கை பட்டதும் கனமாக ஆடியது.

உள்ளே பழுப்புத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. மேலே அப்பாவின் நேரான கையெழுத்து: குனிகுண்டே வேபர், சாயக்கார வீடு, ப்ளைஷ்பாக். தபால்தலை இல்லை. குனிகுண்டே எங்கல்பெர்ட்டின் அம்மா. அவள் இறந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது.

தாளின் கட்டு ஏற்கனவே அவிழ்ந்துதான் இருந்தது. உள்ளே கெட்டியான, வெள்ளை வெளேரென்ற லினன் விரிப்பு. அதன் ஒரு மூலையில் சிவப்பு நூலில் குறுக்குத் தையலாகக் குனிகுண்டேயின் பெயரின் முதல் எழுத்துகள் இரண்டு. கோணல்மாணலாக, ஆனால் அழுத்தமாகப் போட்டிருந்தது. அதற்குக் கீழே எதுவும் இல்லை. ஊசி துணியில் குத்தியபடி இருந்தது. அதிலிருந்து ஒரு சாண் சிவப்பு நூல் தொங்கியது.

பிப்ரவரியில் அப்பாவின் விரல் நுனிகளில் அவள் பிளாஸ்திரி ஒட்டியது நினைவுக்கு வந்தது. "ரோஜா முள்ளு," என்றிருந்தார். பனி மூடிய தோட்டத்தில் ரோஜா ஏது என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

விரிப்பின் மடிப்புக்குள் ஒரு கடிதம். 1988 அக்டோபர் என்று தேதி போட்டிருந்தது. அவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தாள்.

"குனிகுண்டே அம்மாவுக்கு. 1946 மே மாதம் வெளுப்பு மேட்டிலிருந்து உங்கள் ஏழாவது விரிப்பை எடுத்தவன் நான். அப்போது நாங்கள் வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. தங்கை செசீலியா இறந்துபோனாள். எட்டு மாதக் குழந்தை. அவளைச் சுற்ற எங்களிடம் ஒரு மாவுச் சாக்குத்தான் இருந்தது. அம்மா அதை உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. விடியும் முன் போய் எடுத்து வந்தேன். துணிகளைக் காத்த வெளுப்பர் காஸ்பர் ஐயாவின் நாய் என்னோடு பழகியிருந்ததால் குரைக்கவில்லை. யாரோ கொடுத்தார்கள் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

குழந்தையைக் கழுவிக் கொடுக்க நீங்கள்தான் வந்தீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். துணியின் மூலையில் உங்கள் எழுத்தையும் எண்ணையும் பார்த்தீர்கள். உங்கள் கை நின்றது. பிறகு அந்த மூலையை உள்பக்கமாக மடித்து, குழந்தையின் காலடியில் செருகினீர்கள். என் அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனீர்கள். அவள் கடைசிவரை எதுவும் தெரியாமலே இருந்தாள்.

துணி காணாமல் போன செய்தி பரவியபோது, தான் தூங்கிவிட்டதாகக் காஸ்பர் ஐயா ஊரெல்லாம் சொன்னார். அவர் காவலில் அதற்கு முன் ஒரு துணி போனதில்லை. அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது காவல் குடிசை வாசலில் அவருடைய புகைக்குழாயின் நெருப்பு தெரிந்தது. பிற்பாடு வீட்டையும் எங்களுக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அவருடைய பெயரால் ஊர் என்னைக் கூப்பிடுகிறது. அது புல்வெளியைக் காத்தவருடைய பெயர். துணி எடுத்தவன் அதற்கு எப்படித் திரும்பிப் பார்ப்பான்? உங்கள் வீட்டுக்கு எத்தனையோ கடிதம் கொண்டுவந்தேன். இதை மட்டும் கொண்டுவரத் தைரியம் வரவில்லை. இந்த வாரம் வருவேன். ஈடாக வாங்கிய இந்தத் துணி உங்களிடம் வந்து சேர்ந்த பிறகு என்னை யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். ஆலோயிஸ்."

அந்த வாரம்தான் குனிகுண்டே இறந்திருக்கிறாள். கடிதம் கிடந்துவிட்டது.

ரோஸ்வித்தா அதை மறுபடி மடித்தாள். செசீலியா என்று தனக்கொரு அத்தை இருந்தாள் என்பது மட்டுமே அவளுக்குத் தெரியும். அந்தக் கல்லறைகூட இப்போது இல்லை. இடத்துக்குக் கொடுத்த தவணைக்காலம் முடிந்து, கல்லை எடுத்து, புல் மூடிவிட்டது. புல்லுக்கடியில் ஒரு குழந்தையின் காலடியில், உள்பக்கம் மடிந்த ஒரு மூலை.

மாலையில் ஜெபமாலை சொல்ல அக்கம்பக்கத்தார் வந்தார்கள். கருநீலக் கோட்டில் ஆலோயிஸைப் பார்த்த பாவோடி மார்த்தா, "இப்பதான் எந்திரிச்சு, 'உங்களுக்கு ஒரு பதிவுத் தபால்'னு சொல்லப் போறாரு," என்றாள். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். ஜெபம் முடிந்து எல்லோரும் போன பின் பாதிரியார் மாரெக் மட்டும் இருந்தார். போலந்திலிருந்து வந்து நான்கு வருடமாக மலையோரத்து ஐந்து ஊர்களுக்கும் அவரே பாதிரியார். எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார். அவள் வைத்த ரொட்டியையும் வெங்காயப் பணியாரத்தையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், ஒருத்தர் வாழ்நாள் முழுக்க வேணாம்னு சொன்ன பேரை, செத்தப்புறம் அவருக்கு வைக்கலாமா?"

அவர் மென்றுகொண்டே யோசித்தார். "வேணாம்னு சொன்னாரா, இல்ல இப்ப வேணாம்னு சொன்னாரா?"

அவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பது அவள் கேட்கக்கூடாத விஷயம். கடைசி வாரத்தில் அப்பாவின் பாவமன்னிப்பைக் கேட்டவர் அவர்தான்.

"பேருங்கறது நாமளே மாட்டிக்கிற தொப்பி இல்லம்மா," என்றார் அவர். "மத்தவங்க கூப்பிடறது. கூப்பிடறவங்க அன்பா கூப்பிட்டா, ஆண்டவர் அந்தப் பேரைத்தான் குறிச்சு வச்சுக்குவாருன்னு நான் நம்பறேன்." பிறகு தட்டைத் துடைத்துக்கொண்டே, "சரி, உங்க சொந்தப் பேருக்கு அர்த்தம் தெரியுமா?" என்றார்.

"ட்கோட்ஸுக்கா? தும்மல்னு எங்கல்பெர்ட் மாமா சொல்லுவாரு."

"உங்கப்பா பொறந்த பக்கத்துல அதுதான் நெசவாளி. வேபர்னு இங்க சொல்றீங்களே, அதேதான்."

ரோஸ்வித்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "அப்ப நாங்க இந்த ஊரோட பதினெட்டாவது வேபரா?"

"எழுபது வருஷமா," என்றார் பாதிரியார்.

அவர் போன பிறகும் மேற்கில் வெளிச்சம் இருந்தது. அவள் அப்பாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். விரிப்பை மடியில் வைத்து, அவர் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் கற்ற குறுக்குத் தையலைக் கை மறந்திருந்தது. முதலில் மேல்கோடு. பிறகு சாய்ந்து இறங்கும் கோடு. நடுவில் சின்னக் குறுக்குக் கோடு. அது இல்லாமல் இங்கே யாரும் ஏழு எழுதமாட்டார்கள். அவர் விட்ட நூலே போதுமானதாக இருந்தது. கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நல்லா வரலப்பா," என்றாள். "உங்களோடது மாதிரியே கோணலா இருக்கு."

காலையில் வெயில் அடித்தது. பத்தரை மணிக்கு அவள் ஓடைக்குக் குறுக்கே போட்ட பலகையைத் தாண்டி எங்கல்பெர்ட்டின் தோட்டத்துக்குப் போனாள். அவர் விரிப்புகளைத் தொங்கவிட்டு முடித்திருந்தார். நீண்ட கொடிகளில் வெள்ளை லினன்கள் வரிசையாக அசைந்தன. நடுவில் ஓரிடத்தில் ஒரு ஆள் அகலத்துக்குச் சும்மா விட்டிருந்தது. சிறு வயதிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் சமையலறை ஜன்னல் வழியே அந்த இடைவெளியை அவள் பார்த்திருக்கிறாள். ஆட்கள் போய்வர விட்ட வழி என்று நினைத்திருந்தாள்.

"எதுக்கு மாமா நடுவுல இப்படி ஒரு சந்து?"

"அது அம்மாவோட பழக்கம். இவ்வளவு நீளப் பேரு வச்சுக்கிட்டு பொறந்த வீட்டுலயும் வேபர், புகுந்த வீட்டுலயும் வேபர்னு இருந்தவ, விரிப்புலயாவது ஒழுங்கா நம்பர் இருக்கட்டும்னு சொல்லுவா. சீதனமா வந்தது பன்னெண்டு. நம்பர் வரிசையாத்தான் காயப்போடணும். ஏழாம் நம்பர் போரு முடிஞ்ச மறுவருஷம் வெளுப்பு மேட்டுல காணாமப் போச்சு. பஞ்சத்துல ரயிலேறி உருளைக்கிழங்கு தேடி வந்த டவுன்காரன் யாரோ எடுத்துட்டான்னு ஊருல பேசிக்கிட்டாங்க. அம்மா மட்டும் யாரையும் சொல்லவிடமாட்டா. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல எடத்தை விட்டுத்தான் போடுவா. நான் இழுத்து நெருக்கிப் போட்டா கை மேலயே ஒண்ணு வைப்பா."

"எங்க போச்சுன்னு அவங்க சொன்னதே இல்லையா?"

எங்கல்பெர்ட் கொடியின் முடிச்சைச் சரிபார்த்தார். "ஒரே தடவை கேட்டேன். 'அது இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு, நீ போயி வெறகை அடுக்கு'ன்னா. அதுக்கு மேல கேக்கல. அவ போனப்புறமும் அப்படியே எடம் விட்டுப் போட்டுட்டு வரேன். பழக்கதோஷம்."

காற்றில் ஒரு விரிப்பின் ஓரம் வந்து ரோஸ்வித்தாவின் முகத்தைத் தொட்டுப் போனது. அவள் அதைக் கையால் விலக்கினாள்.

"மாமா, பலகையில வெளுப்பர் ஆலோயிஸ்னு எழுதுங்க. பேப்பர்லயும் போடச் சொல்றேன்."

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். "அவன் வேணாம்னு சொல்லலயா?"

"அந்தப் பேரு அவருக்குக் கேவலமா இல்ல மாமா. ரொம்பப் பெருசா இருந்துச்சு. அதுதான்."

எங்கல்பெர்ட் தாடையைத் தடவிக்கொண்டார். கண்ணைத் துடைப்பதற்குத் தொப்பியைச் சரிசெய்வது போலச் செய்தார்.

"இன்னொண்ணு," என்றாள் அவள். "ட்கோட்ஸ்னா என்ன தெரியுமா? போலந்துப் பேச்சுல வேபர். ஃபாதர் சொன்னாரு."

அவர் வாய் திறந்து மூடியது. "அடப்பாவி! அதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா, இத்தனை வருஷம் தும்மிட்டே இருந்திருக்க மாட்டோமே!" என்றார். பாதி வழி போகும் வரை தலையை ஆட்டிக்கொண்டே போனார். ரப்பர் பூட்ஸ்தான் இன்றும் காலில். கோயில் மேட்டில் அவர் தலை மறையும் வரை அவள் நின்றாள்.

பிறகு வீட்டுக்குப் போய் விரிப்பைத் தபால் பையில் வைத்துத் தோளில் மாட்டினாள். அப்பாவின் உயரத்துக்குக் கட்டிய வார் அவளுக்குத் தாழ்ந்து தொங்கியது.

பதினோரு மணிக்கு முதல் மணி அடித்தது. மணி கேட்டால் ப்ளைஷ்பாக்கில் எல்லோரும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே தலைகுனிந்து ஜெபிப்பார்கள். யாரும் ஜன்னலைப் பார்க்கமாட்டார்கள். அந்த நேரத்தில் அவள் ஓடைப் பலகையைத் தாண்டினாள். ஆறாம் எண்ணுக்கும் எட்டாம் எண்ணுக்கும் நடுவில் விரிப்பை உதறிப் போட்டாள். சுருக்கங்களைக் கையால் நீவிவிட்டாள். கவ்விகள் கொண்டுவர மறந்துவிட்டதால் பக்கத்து விரிப்புகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினாள். சிவப்பு எழுத்து இருந்த மூலை உள்பக்கம் மடிந்திருந்தது. அதை வெளியே எடுத்து, மற்றவற்றைப் போலவே வெயிலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. எங்கல்பெர்ட் இன்று வழக்கத்தைவிட நீட்டி அடிப்பது போலிருந்தது.

அவள் வீட்டுக்கு வந்து பையின் வாரை இழுத்துக் கட்டி, கோட்டு இருந்த ஆணியில் மாட்டினாள். பை காலியாக இருந்தது; ஒருமுறை ஆடி நின்றது. கீழே சமையலறை ஜன்னலைச் சாத்தப் போனாள். வெளியே நல்ல காற்று. ஓடைக்கு அந்தப் பக்கம் விரிப்புகள் இடைவெளியில்லாமல் ஒன்றாக உப்பி, ஒன்றாக இறங்கின. சாத்தாமல் அப்படியே விட்டுவிட்டாள்.